புதன் என்றொரு மனிதர்: சாராநகர் நாடகக் குழுவைப் பற்றி ஒரு மதிப்பீடு

புதன் என்பது நமக்குக் கிழமைகளுள் ஒன்றன் பெயர். கோள்களுள் ஒன்றன் பெயர். மேற்கு வங்காளத்தின் புருலியா மாவட்டத்தில் அஃது ஒரு மனிதரின் பெயராகவும் இருந்தது. கெடியா சபர் என்னும் பழங்குடியைச் சேர்ந்த புதன் சபர், 1998-ஆம் ஆண்டு பிப்ரவரி 10-ஆம் நாள், மனைவி சியாமளியுடன் வெளியே சென்றிருந்தபோது போலீசாரால் பிடித்துச் செல்லப்பட்டார். பிப்ரவரி 17-ஆம் நாள் அவர் சிறையில் பிணமானார். தோளில் போடும் துண்டால் தூக்கிட்டுக்கொண்டார் என்று அதிகாரிகள் எழுதி வைத்தனர். அதே ஆண்டு ஆகஸ்டு 31-ஆம் நாள், புருலியாவை ஒருமுறையும் கண்டிராத சில இளைஞர்கள், நாம் வாழும் இந்த அகமதாபாத் நகரின் ஒரு மூலையில், அவருடைய கதையை நாடகமாக நடித்தனர். தங்கள் குழுவுக்கும் அவர் பெயரையே சூட்டிக்கொண்டனர். ‘புதன் தியேட்டர்’ பிறந்த வரலாறு இது.

மலர்க் குழுவினர் இவ்வாண்டு நம்மிடம் கட்டுரை கேட்டபோது, வழக்கம்போலக் கம்பனைப் பற்றியோ பாரதியைப் பற்றியோ எழுதித் தருவோம் என்றே எதிர்பார்த்திருப்பர். பல ஆண்டுகளாக நாம் செய்து வந்ததும் அதுவே. ஆயினும், பிழைக்க வந்த ஊரில் இருபதாண்டுகள் உப்பைத் தின்றுவிட்டு, அவ்வூரார் படைத்த கலையைப் பற்றி ஒரு பக்கமேனும் எழுதவில்லையே என்ற எண்ணம் சில காலமாக உறுத்தி வருகின்றது. எனவே இம்முறை நம் நூல் அலமாரியை விட்டு வெளியே வந்து, குபேர் நகரை அடுத்த சாராநகருக்கு அன்பர்களை அழைத்துச் செல்ல விரும்புகின்றோம்.

சாராநகர் என்றவுடன் நம்மவர் முகத்தில் தோன்றும் மாறுதலை நாம் அறிவோம். ஆட்டோக்காரர் உள்ளே வர மறுப்பார். அலுவலக நண்பர் பணப்பையைத் தொட்டுக் காட்டிச் சிரிப்பார். மதுவிலக்கு நடைமுறையில் உள்ள இம்மாநிலத்தில் அங்கே வீடுகளில் சாராயம் காய்ச்சுகின்றனர் என்பதால், ‘பெயரிலேயே சரக்கு இருக்கிறது’ என்று தமிழில் ஒரு கேலியும் நம்மிடையே உலவுகின்றது. அங்கு வாழும் சாரா மக்கள் வடநாட்டில் சான்சி என்று அழைக்கப்படும் நாடோடி இனத்தின் ஒரு கிளையினர். அவர்களுக்கெனப் பான்ட்டு என்றொரு மொழி உண்டு. 1871-ஆம் ஆண்டில் ஆங்கில அரசு இயற்றிய குற்றப் பரம்பரைச் சட்டம் இத்தகைய மக்களைப் பிறவியிலேயே குற்றவாளிகள் என்று வகுத்தது. பெயரைப் பதிவு செய்தனர், கைரேகை எடுத்தனர், குடியிருப்புகளில் அடைத்து ஆஜர் கூப்பிட்டனர். ஒருவர் திருடினாரா என்ற கேள்வியையே அச்சட்டம் கேட்கவில்லை. இன்னாருக்குப் பிறந்தாரா என்று மட்டும் கேட்டது.

இது வடவர் கதை என்று எவரும் எண்ண வேண்டா. 1911-இல் அச்சட்டம் விரிவுபடுத்தப்பட்டபோது சென்னை மாகாணத்திற்கும் வந்தது. கள்ளர், மறவர், குறவர் எனப் பல சமூகத்தார் அதன் வலைக்குள் வீழ்ந்தனர். மதுரைப் பக்கத்து அன்பர்களின் பாட்டனார்கள் அதனை ‘ரேகைச் சட்டம்’ என்று கூறக் கேட்டிருக்கலாம். வெளியூர் போக வேண்டுமானால் சீட்டு வாங்க வேண்டும். இரவுதோறும் ஆண்கள் காவலர் கண் முன்னே வந்து படுத்துறங்க வேண்டும். புதிதாக மணமானவனுக்கும் விலக்கில்லை. 1920-ஆம் ஆண்டு ஏப்ரல் 3-ஆம் நாள் பெருங்காமநல்லூரில் கைரேகை கொடுக்க மறுத்து நின்ற மக்கள்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. மாயக்காள் என்னும் பெண்மணி உட்பட 16 பேர் உயிர் துறந்தனர். விடுதலைக்குப் பின் இச்சட்டத்தை ஆராய அமைந்த குழுவுக்குத் தலைவராக இருந்தவர், பிற்காலத்தில் மக்களவைத் தலைவராக விளங்கிய அனந்தசயனம் அய்யங்கார். 1952-ஆம் ஆண்டு ஆகஸ்டு 31-ஆம் நாள் சட்டம் நீங்கியது. அந்நாளையே இம்மக்கள் தங்கள் விடுதலை நாளாகக் கொண்டாடுகின்றனர். நாடு விடுதலை பெற்று ஐந்து ஆண்டும் பதினாறு நாளும் கழித்து வந்த விடுதலை. அதுவும் அரைகுறை விடுதலை. ‘வழக்கமான குற்றவாளிகள்’ என்ற பெயரில் மாநிலந்தோறும் வேறு சட்டங்கள் அந்த இடத்தில் அமர்ந்துகொண்டன.

இங்கே இலக்கிய மாணவன் என்ற முறையில் ஓர் இடைச்சொல். நம் குறவஞ்சி நாடகங்களில் குறத்தி எத்துணைப் பெருமிதத்துடன் நுழைகின்றாள்! தன் மலையைப் புகழ்கின்றாள். தலைவியின் கைரேகையைப் பார்த்துக் குறி சொல்கின்றாள். சிங்கனோடு அவள் ஆடும் ஊடலைக் குற்றாலக் குறவஞ்சியில் பயிலாத தமிழ் மாணவர் இல்லை. திரிகூடராசப்பக் கவிராயருக்கு இருநூறாண்டுகளுக்குப் பின் அதே குறவர்தம் கையில் மை தடவிச் சர்க்கார் ரேகை எடுத்தது. நம் பாடநூல்கள் சிங்கியைக் கற்பித்துக்கொண்டிருந்தன. நம் தெருக்களில் சிங்கனைச் சந்தேகக் கேஸில் பிடித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்க நமக்கு எந்த ஆசிரியரும் சொல்லித் தரவில்லை.

நாடகத்துக்கு வருவோம். 1998-இல் வங்க எழுத்தாளர் மகாசுவேதா தேவியும் பரோடாவில் ‘பாஷா’ ஆய்வு மையத்தை நிறுவிய கணேஷ் தேவியும், இத்தகைய மக்களின் உரிமைக்காக ஓர் அமைப்பைத் தொடங்கினர். அவர்கள் சாராநகருக்கு வந்தபோது அங்குள்ள இளைஞர்களுக்கென ஒரு சிறு நூலகம் திறக்கப்பட்டது. சொற்பொழிவாற்றிவிட்டுப் போயிருந்தால் அதுவும் மற்றுமொரு கூட்டமாக முடிந்திருக்கும். நூலகம் திறந்ததனால் வேறொன்று நிகழ்ந்தது. அவ்வமைப்பு வெளியிட்ட இதழில் புதன் சபர் வழக்கின் தீர்ப்பு அச்சாகியிருந்தது. அதனை அங்கே படித்த இளைஞர்கள், இது நம் தெருக் கதையன்றோ என்று திடுக்கிட்டனர். நாடகம் ஒரு நாளேட்டுச் செய்தியிலிருந்தோ பழங்கதையிலிருந்தோ தோன்றவில்லை. உயர்நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றிலிருந்து தோன்றியது. தட்சிண் பஜ்ரங்கே என்னும் சாரா இளைஞர் அதனை எழுதினார். அவரும் அவருடைய தோழர்களுமே நடிகர். அவர்களே குழுவின் நிருவாகிகள். வெளியிலிருந்து எந்த முதலாளியும் ஒப்பந்தக்காரரும் அக்குழுவை நடத்தவில்லை.

தீர்ப்பின் பின்னணியில் உள்ள ஒரு செய்தியை அன்பர்கள் அறிய வேண்டும். புதனின் உடலை எரித்துவிட்டால் தடயம் அழிந்துவிடும் என்று கெடியா சபர் நலச் சங்கத்தார் உணர்ந்தனர். எனவே வைக்கோலால் ஒரு பொம்மையைச் செய்து அதற்குக் கொள்ளி வைத்தனர்; உண்மையான உடலைக் குடிசைக்குள்ளேயே புதைத்து மறைத்தனர். பின்னர் அதனைத் தோண்டியெடுத்து மறு பரிசோதனை நிகழ்ந்தது. கல்கத்தா உயர்நீதிமன்றம் அதே ஆண்டு ஜூலையில் சியாமளிக்கு ஒரு லட்ச ரூபாய் இழப்பீடு வழங்கவும், மத்தியப் புலனாய்வுத் துறை விசாரிக்கவும் ஆணையிட்டது. கணவனை இழந்த ஒருத்தி, கூடியிருந்தோர் நடுவே, வைக்கோல் பொம்மைக்காக அழுது காட்ட வேண்டியிருந்தது. மேடையில் நாம் காணும் எந்த நடிப்பும் இதற்கு ஈடாகாது. சாராநகர் இளைஞர்கள் நாடகம் போடுவதற்கு முன்னரே, புருலியாவில் ஓர் ஏழைக் குடும்பம் நீதிக்காக ஒரு நாடகத்தை நடத்தி முடித்திருந்தது.

நாம் அதனைச் சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆகஸ்டு 31 மாலையில் சாராநகர்த் தெரு ஒன்றில் கண்டோம். அழைத்துச் சென்றவர் அலுவலகத்தில் நம்முடன் பணியாற்றிய குஜராத்தி நண்பர். மேடை இல்லை; திரை இல்லை; ஒலிபெருக்கியும் இல்லை. மக்கள் வட்டமாக நிற்க, எளிய உடையில் சில இளைஞர்கள் நடுவே வந்தனர். ஒரே நடிகர் ஒரு நொடியில் கடைக்காரர். மறு நொடியில் கதவு. அடுத்த நொடியில் காவலர். அரை மணிப் பொழுதுக்கு மேல் சற்றே நீண்டது. வந்தவர்களுள் பாதிப் பேர் அந்நாடகத்தை முன்னரே பலமுறை கண்டவர்கள் என்பது அவர்கள் உதடுகள் அசைந்ததிலிருந்து தெரிந்தது. ஒரு கிழவி தரையில் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். அடிக்கும் காட்சி வந்ததும் மெல்லுவதை நிறுத்தினார். அக்காட்சி முடியும்வரை அவர் வாய் அசையவில்லை.

அந்தக் காட்சியே நாடகத்தின் உயிர். நம் திரைப்படங்களில் போலீஸ் அடிப்பதை ஆயிரம் முறை கண்டிருக்கின்றோம். அங்கே அடிப்பவனுக்கு வெறி, அடிபடுபவனுக்கு வீரம், பின்னணியில் இசை. இங்கே காவலராக நடித்தவரிடம் வெறியே இல்லை. அலுவலகத்தில் நாம் முத்திரை குத்துவது போல, நாள்தோறும் செய்யும் வேலையைச் செய்யும் சலிப்போடு அவர் அடித்தார். நடுவே நிறுத்தித் தோளைத் தேய்த்துக்கொண்டார். அந்தத் தேய்ப்பை எந்த நாடகப் பள்ளியும் கற்பித்திருக்க முடியாது என்று எண்ணினோம். காவலராக நடிப்பவரும் சாரா. அவர் இத்தொழிலைக் கற்றது மறுபக்கத்திலிருந்து. திருட்டுக்கே நடிப்பு வேண்டும், ஆகவே நாங்கள் பிறவி நடிகர்கள் என்று அம்மக்கள் தம்மைத் தாமே எள்ளிக்கொள்வதுண்டு. அக்குழுவைப் பற்றி 2011-இல் வந்த ஓர் ஆவணப் படத்துக்கு ‘ஐயா, என்னை அடிக்காதீர்கள்’ என்னும் பொருள்படும் தலைப்பே இடப்பட்டது.

இனி ஒப்பிட்டுப் பார்ப்போம். நாடகத்தைக் கண்டு திரும்பும் வழியில் நம் நெஞ்சில் ஓடியது சிலம்பின் கொலைக்களக் காதை. கோவலன் காவலர் கையில் பட்டதும் மாண்டான் என்றே பலரும் நினைவு வைத்துள்ளனர். இளங்கோ அவ்வாறு எழுதவில்லை. காவலர் முதலில் தயங்குகின்றனர். இவனைப் பார்த்தால் கள்வனாகத் தோன்றவில்லையே என்கின்றனர். அப்போது பொற்கொல்லன் ஏளனமாகச் சிரித்து ஒரு விரிவுரை நிகழ்த்துகின்றான். களவுக்கு ஒரு நூல் உண்டாம். கள்வர்க்கு மந்திரம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம் எனத் துணைகள் எட்டு உண்டாம். அவர்கள் தோற்றத்தைக் கண்டு ஏமாறலாகாதாம். கதைகளையும் அடுக்குகின்றான். அதன் பின்னரே குடிபோதையில் இருந்த ஒருவன் வாளை வீசுகின்றான். மன்னனின் ஆராயாத சொல்லைப் பற்றிப் பட்டிமன்றங்களில் நாம் தொண்டை வறளப் பேசியிருக்கின்றோம். அந்த விரிவுரையைப் பற்றிப் பேசியவர் அரியர். தயங்கும் காவலரின் தயக்கத்தைப் போக்குவதற்குக் களவைப் பற்றிய ஒரு ‘கல்வி’ தேவைப்படுகின்றது. 1871-ஆம் ஆண்டுச் சட்டம் அக்கல்வியை அச்சிட்டு நாடெங்கும் வழங்கிய ஒன்று என்பதே நம் கருத்து. இவர்கள் பரம்பரையாகவே இத்தொழிலினர், தோற்றத்தைக் கண்டு ஏமாறாதீர் என்று பொற்கொல்லன் மதுரைத் தெருவில் சொன்னதையே வெள்ளை அதிகாரிகள் சட்டப் பிரிவுகளாக எழுதினர்.

அந்த விரிவுரையை நாமும் ஒருமுறை நிகழ்த்தியிருக்கின்றோம். இதனை எழுதுவதற்கு மனம் கூசுகின்றது. எழுதாமல் இந்நாடகத்தை மதிப்பிடுவது பொய்யாகும். ஏழு ஆண்டுகளுக்கு முன், நம் அடுக்குக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் நின்ற ஒரு சிறுவனின் சைக்கிள் காணாமற்போனது. அன்று காலை குழாய் பழுது பார்க்க ஓர் இளைஞர் வந்து போயிருந்தார். வாயிற்காவலாளியின் நோட்டில் அவர் முகவரி குபேர் நகர் என்று இருந்தது. குடியிருப்போர் கூடினர். கடிதம் எழுதுவதில் வல்லவர் என்று நம்மையே எழுதச் சொன்னார்கள். நாமும் மேசைக்கருகில் அமர்ந்து, சர்க்கார் ஆங்கிலத்தில், பிழையின்றி, மூன்று பத்தியில் எழுதினோம். அவ்விளைஞர் திருடினார் என்று ஓரிடத்திலும் எழுதவில்லை. அவர் இன்ன பகுதியைச் சேர்ந்தவர் என்பதைக் கவனத்திற் கொள்ளுமாறு மட்டும் பணிவுடன் வேண்டியிருந்தோம். அந்த வரி நன்றாக அமைந்தது என்று அப்போது ஒரு திருப்தியும் இருந்தது. அவரை இரண்டு நாள் ஸ்டேஷனில் உட்கார வைத்தனர் என்று பின்னர்க் காவலாளி சொன்னார். நான்காம் நாள் சைக்கிள் கிடைத்தது. சிறுவன் அதனை டியூஷன் வீட்டில் விட்டுவிட்டு நண்பனோடு நடந்து வந்திருக்கின்றான். எல்லோரும் சிரித்தார்கள். இரண்டாவது கடிதம் ஒன்று எழுத வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. நமக்கும் தோன்றவில்லை.

ஆகவேதான் நாடகத்தில் மற்றவர்கள் தடியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது நாம் காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். புதன் இறந்த பின் அதிகாரிகள் அறிக்கை தயாரிக்கும் பகுதி ஒன்று வருகின்றது. பார்வையாளர்க்கு அது சற்றுத் தொய்வான இடம். சிறுவர்கள் அப்போது பேசத் தொடங்கினர். இருபதாண்டுகள் கோப்புகளோடு வாழ்ந்த நமக்கோ அதுவே நடுக்கத்தைத் தந்தது. ‘தற்கொலை’ என்ற சொல் எழுதப்பட்டு, கையொப்பமாகி, அனுப்பும் எண் பெற்றுவிட்டால், அது உண்மையாகிவிடுகின்றது. அதனை மறுப்பதற்குப் புதைத்த உடலைத் தோண்டியெடுக்க வேண்டியிருக்கின்றது. நாடகம் இப்பகுதியை இன்னும் விரித்திருக்கலாம் என்பது நம் எண்ணம். அடிப்பவனைக் காட்டும் கலை அவர்களுக்குக் கைவந்துள்ளது. எழுதுபவனைக் காட்டும் கலை இன்னும் கைவரவில்லை.

வேறு குறைகளும் உண்டு. போற்றுதலையே விமரிசனம் என்று கருதும் வழக்கம் நம் மலர்களில் மிகுதி. அவ்வழக்கத்தை இவர்கள் திறத்தில் கைக்கொள்வது அவர்களைச் சிறுவர்களாக நடத்துவதாகும். முதலாவது, சியாமளி. நம் மரபில் கணவன் கொலையுண்டபின் கதையைக் கையில் எடுத்துக்கொள்பவள் மனைவி. கண்ணகி அழுவது சிறிது, வழக்குரைப்பது பெரிது. சியாமளியின் பாத்திரமோ நாம் கண்ட அளவில் அழுகையிலேயே தேங்கிவிடுகின்றது. வைக்கோல் பொம்மைக்குமுன் அவர் நின்ற அந்த ஒரு நிலையை விரித்தாலே தனி நாடகம் ஒன்று கிடைக்கும். அடுத்து, நாடகத்தின் முடிவில் நடிகர்கள் பார்வையாளரை நேராக நோக்கித் தங்கள் கேள்வியை முழக்கமாக எழுப்புகின்றனர். அரை மணி நேரம் உடலால் கேட்டுவிட்ட ஒன்றை வாயாலும் கேட்பது எதற்கு? தெரு நாடகத்துக்கு அது வேண்டும், கடைசி வரிசையில் நிற்பவனுக்கும் எட்ட வேண்டும் என்பார்கள். எட்டுவது வேறு, தைப்பது வேறு என்றே நமக்குத் தோன்றுகின்றது. நம் குஜராத்தி நண்பர் இதில் மாறுபட்டார். வெற்றிலைக் கிழவிக்கு அம்முழக்கம் தேவையில்லை, உமக்கும் எனக்கும் தேவை என்றார்.

மொழி பற்றியும் ஒரு சொல். நாடகங்கள் பெரும்பாலும் இந்தியில் நடக்கின்றன. எல்லா ஊருக்கும் செல்ல அது வசதி, டில்லியிலும் நடத்தலாம். பாராமதியில் காவலில் இறந்த பார்தி இனத்துப் பின்யா ஹரி காளேயைப் பற்றியும் அவர்கள் நாடகம் செய்தனர். மராத்தியர்க்கும் வங்காளியர்க்கும் பொதுவாக ஒரு மொழி வேண்டும் என்பது உண்மைதான். ஆயினும் அன்று நாடகம் தொடங்குமுன் அத்தெருவில் பெண்கள் தங்களுக்குள் பான்ட்டு மொழியில் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு சொல்லும் நமக்கு விளங்கவில்லை. அதன் வேகமும் குலுக்கலும் மட்டும் விளங்கின. அந்தச் சிரிப்பு நாடகத்துக்குள் வரவே இல்லை. துன்பம் இந்தியிலும் சிரிப்பு பான்ட்டிலும் இருக்கும்வரை, வெளியார் அவர்களைத் துன்பப்பட்டவர்களாக மட்டுமே அறிவர். வீட்டில் தமிழும் வெளியில் பிறமொழியுமாக வாழும் நாம் இதனைப் பிறரினும் எளிதில் உணரலாம்.

இனி, இந்நாடகங்களால் அம்மக்களுக்கு என்ன கிட்டியது என்ற கேள்வி. நாடகம் அடுப்பெரிக்காது. அங்கே இன்றும் சாராயத் தொழில் அறவே நின்றுவிடவில்லை. படித்த இளைஞருக்கும் முகவரியைச் சொன்னால் வேலை கிடைப்பது அரிது என்கின்றனர். குழுவிலிருந்து சிலர் டில்லி தேசிய நாடகப் பள்ளிவரை சென்று பயின்றனர். பஜ்ரங்கே 2017-இல் ‘சமீர்’ என்னும் இந்தித் திரைப்படத்தை இயக்கினார். வழக்கறிஞர்கள் பலர் அச்சிற்றூரிலிருந்து கிளம்பியுள்ளனர். நீதிமன்றம் ஏறி இறங்கியே பழகியவர்கள் கறுப்பு அங்கி அணிந்து ஏறத் தொடங்கினர் என்று ஒருவர் நகைச்சுவையாகச் சொன்னார். இவை யாவும் நாடகத்தின் பயன் என்று கணக்கெழுத நாம் துணியோம். 2018-ஆம் ஆண்டு ஜூலை 26-ஆம் நாள் இரவு சாராநகருக்குள் பெரும் போலீஸ் படை புகுந்தது. வீடு புகுந்து அடித்தனர், வாகனங்களை உடைத்தனர், வழக்கறிஞர்களையும் விட்டு வைக்கவில்லை என்று மக்கள் முறையிட்டனர். நாடகம் தொடங்கி இருபதாண்டுகள் நிறைய ஒரு மாதமே எஞ்சியிருந்தது. அடி நின்றதா என்று கேட்டால், நிற்கவில்லை. ஆனால் இம்முறை அடுத்த நாளே புகைப்படங்களோடும் மனுக்களோடும் வெளியே வந்து நின்றார்கள். அமைதியாக ஊர்வலம் சென்றார்கள். தங்களுக்கு நடந்ததைக் கோவையாக எடுத்துரைக்க அங்கே ஒரு தலைமுறை ஆயத்தமாக இருந்தது. பாட்டனார் காலத்தில் அடியை வாங்கிக்கொண்டு பேசாதிருந்தனர். இந்த வேறுபாட்டை நாடகத்தின் கணக்கில் ஓரளவு வைக்கலாம் என்று நினைக்கின்றோம்.

நம் சங்கத்து மேடையைப் பற்றியும் இரண்டொரு சொல் கூறாமல் இருக்க முடியவில்லை. ஆண்டுவிழா நாடகத்துக்கு நாம் எவ்வளவு பாடுபடுகின்றோம்! வாடகை உடை, ஒட்டு மீசை, ஒத்திகைக்கு வராத கதாநாயகன், கடைசி நேரத்தில் விழும் திரை. அரசவை வசனம் பேசுகின்றோம். மாமியார் மருமகள் சண்டையில் சிரிக்கின்றோம். அதில் குற்றமில்லை. ஆனால் ஆலை வேலைக்கென இந்நகருக்கு வந்த நம் முன்னோர் பட்ட பாட்டைப் பற்றி ஒரு நாடகம் உண்டா? ஆலைகள் மூடியபோது அக்குடும்பங்கள் என்ன ஆயின என்பதைப் பற்றி? மணிநகரில் இயங்கிய தமிழ்ப் பள்ளி, மாணவர் தொகை குறைந்தது என்ற காரணத்தால் 2020-இல் மூடப்பட்டது. அதனைப் பற்றி நாம் தீர்மானம் நிறைவேற்றினோம், வருந்தினோம். சாராநகரில் ஓர் அறையில் நூலகம் திறந்தார்கள், அதிலிருந்து ஒரு நாடகக் குழு புறப்பட்டது. நம்மிடம் ஒரு பள்ளியே இருந்தது.

2021-இல் ‘ஜெய் பீம்’ திரைப்படம் வந்தபோது நம் குடியிருப்புத் தமிழ்க் குடும்பங்கள் அனைத்தும் பார்த்தன. 1993-இல் தமிழ்நாட்டில் உண்மையாகவே நிகழ்ந்த காவல் மரணத்தை ஒட்டிய படம் அது. நம் இல்லத்தரசி அழுதார். பக்கத்து வீட்டு அம்மையார் அன்றிரவு உறங்கவில்லை என்றார். நாமும் கண் கலங்கினோம். அடுத்த வாரம் புதிதாக வந்த பால்காரர் எந்தப் பகுதியினர் என்று அதே குடியிருப்பில் விசாரிக்கப்பட்டது. திரையின் துயரத்துக்கு ஒரு பாதுகாப்பு உண்டு. அது நம்மைத் திரும்பிப் பார்ப்பதில்லை. சாராநகர்த் தெருவில் நடிகர் நம் முகத்துக்கு ஒரு முழத் தொலைவில் நின்றார். வியர்வை தெரிந்தது. நாடகம் முடிந்ததும் தேநீர் கொடுத்தார்கள். காவலராக நடித்த இளைஞர் நம் அருகில் வந்து, எந்தப் பகுதியில் குடியிருக்கின்றீர்கள் என்று மரியாதையுடன் கேட்டார். பகுதியைச் சொன்னோம், குடியிருப்பின் பெயரைச் சொல்லவில்லை. அவர் மேலும் கேட்கவில்லை.

அன்பர்கள் ஒருமுறை சென்று காண வேண்டும். மணிநகரிலிருந்து குபேர் நகர் ஒரு மணி நேரத்துக்கு உட்பட்ட தொலைவே. குழந்தைகளையும் அழைத்துச் செல்லலாம். அடிக்கும் காட்சியில் அவர்கள் கேள்வி கேட்பார்கள், விடையை ஆயத்தம் செய்துகொண்டு செல்வது நல்லது.

இரண்டாவது கடிதத்தை நாம் சென்ற மாதம் எழுதினோம். வாயிற்காவலாளியின் பழைய நோட்டைத் தேடிப் பிடித்ததில் ஒரு விவரம் தெரிய வந்தது. முதற்கடிதத்தில் அவ்விளைஞரின் பெயரையே நாம் தவறாக எழுதியிருந்தோம். இம்முறை திருத்தி எழுதி, சைக்கிள் கிடைத்த நாளைக் குறிப்பிட்டு, அவர்மீது ஐயம் கொள்ள எக்காரணமும் இருக்கவில்லை என்று இரண்டு வரியில் முடித்து, நேரில் கொண்டுபோய்க் கொடுத்தோம். மேசையில் இருந்தவர் ஏழாண்டு கழித்து எதற்கு என்று கேட்டார். பின்னர் நகலில் முத்திரையிட்டு, உள்வரவு எண் எழுதித் திருப்பித் தந்தார்.